பின்னோக்கி ஓடிய கார்

மதியம் இரண்டேகால் ஆனதும் மலாக்கி டிர்னன் குடுவையில் தேநீரை ஊற்றி மூடியைத் திருகுவார். சோடா ரொட்டியில் இரண்டு துண்டுகள் அறுத்து, வெண்ணெய் தடவி, அதன் மேல் ருபார்ப் ஜாமைத் தடவி, மெழுகுத்தாளில் பொதிந்து, மேல்சட்டையின் வலப்பக்கப் பையில் வைப்பார். இடப்பக்கப் பையில் வைத்தால் கியர் மாற்றும்போது முழங்கை இடித்து ஜாம் வழிந்துவிடும். பால் சேகரிக்கும் லாரியை முப்பத்தெட்டு ஆண்டுகள் ஓட்டியபோது கண்டறிந்த உண்மை அது. பிறகு வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூந்தொட்டியின் அடியில் வைத்துவிட்டு, தமது பச்சை நிறச் சிறிய காரைக் கிளப்புவார். ஞாயிறு, திருநாள், மழை, பனி என்ற வேறுபாடு அந்த வழக்கத்தில் கிடையாது.

அவருடைய வீடு மொனஹன் பக்கத்தில் இருந்தது. மனைவி டிம்ப்னா இருந்த முதியோர் இல்லம் பதினோரு மைல் தொலைவில், டிம்ப்னா பிறந்த ஃபெர்மானா பக்கத்தில் இருந்தது. தெற்கே இருந்த மொனஹனும் வடக்கே இருந்த ஃபெர்மானாவும் வெவ்வேறு நாடுகள்; இடைப்பட்ட சாலை அவற்றின் எல்லையை மூன்று முறை கடந்தது. வாயிலும் இல்லை, காவலும் இல்லை. சாலையோரக் கோடு மஞ்சளிலிருந்து வெள்ளையாகும். வேகப்பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறும். சிறிது தூரத்தில் எல்லாம் மஞ்சளுக்குத் திரும்பும். பிறகு மீண்டும் வெள்ளை. மாடுகள் இரண்டு நிறத்தையும் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருக்கும்.

கிளப்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் காரின் ஃபேன் பெல்ட் வீலென்று அலறும். பதினோரு ஆண்டுகளாக அலறிக்கொண்டிருந்தது. நல்ல நாட்களில் டிம்ப்னா அதற்குப் 'பன்றிக்குட்டி' என்று பெயர் வைத்திருந்தார். நினைவுகள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. தெருவின் பெயர் போயிற்று. பிள்ளைகளின் பெயர்கள் போயின. ஒரு நாள் கணவரின் முகமும் போயிற்று. பன்றிக்குட்டி மட்டும் போகவில்லை. இல்லத்துக்கு ஏறும் மேட்டில் அந்த அலறல் கேட்டதும் ஜன்னலருகே அமர்ந்திருக்கும் டிம்ப்னா, "வந்துட்டாரு" என்று தாதியிடம் சொல்லிவிட்டுத் தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொள்வார். அதன் பிறகு கதவைத் திறந்து வருகிறவர் அவருடைய கணவர். அப்படித்தான் அவர் கணவரை அடையாளம் கண்டுகொண்டார். ஆகவே பட்டறைக்காரர் பேக்கி பெல்ட்டை இறுக்க முன்வந்தபோதெல்லாம் மலாக்கி மறுத்துவந்தார்.

"யோவ், ரெண்டு நிமிஷ வேலைய்யா. அரைச் சுத்து இறுக்கினாப் போதும். ஊர் நாய்ங்களாவது நிம்மதியாத் தூங்கும்."

"இருக்கட்டும் பேக்கி."

"உனக்குக் காது போச்சுன்னு எங்களுக்கும் போகணுமா?"

"இருக்கட்டும்."

அக்டோபர் மாதத்தின் முதல் செவ்வாயன்று அந்தக் காரின் ஆண்டுச் சோதனை வந்தது.

மாவட்ட வாகனத் தகுதிச் சோதனை நிலையம் கழுவிய கண்ணாடித் தம்ளர்போல் சுத்தமாக இருந்தது. வண்டிகள் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும். உரிமையாளர்கள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வரிசையாக அமர்ந்து, அறுவைச் சிகிச்சை நடக்கும் அறையைப் பார்ப்பதுபோல் தத்தம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மலாக்கியின் காரைச் சோதித்தவன் ஃபெர்கல் மொய்னா; நாற்பதை நெருங்கியவன், மெலிந்தவன், பேனாவைக் காதில் செருகிக்கொள்பவன். விளக்கு, பிரேக், டயர் எல்லாவற்றையும் பார்த்தான். பெல்ட் ஒரு முறை அலறியது. ஃபெர்கல் தலையைத் திருப்பி, மலாக்கியைப் பார்த்துச் சிரித்து, அதை எழுதாமல் விட்டுவிட்டான். இறுதியாக, ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்து எழுதினான்.

அங்கேதான் அவனுக்குத் தவறியது. மலாக்கி அந்தக் காரை வடக்கில் வாங்கியிருந்தார். அதன் முகப்பிலிருந்த தூரமானி மைலில் எண்ணியது. படிவமோ கிலோமீட்டரில் கேட்டது. எல்லையோரத்து நிலையங்களில் இந்தப் பெருக்கலைச் சோதனையாளர்கள் மனக்கணக்காகவே போட்டுவிடுவார்கள். முந்தைய ஆண்டு சோதித்தவர் போட்டிருந்தார். தேநீர் இடைவேளைக்கு நான்கு நிமிடமே இருந்த அந்த நேரத்தில் ஃபெர்கல் போடவில்லை.

இயந்திரம் சிவப்புத்தாள் ஒன்றைத் துப்பியது.

நிலைய அதிகாரி லாக்லின் டெவனியின் அறைக்கு மலாக்கி அழைக்கப்பட்டார். டெவனி கனிவானவர். கெட்ட செய்தியைச் சொல்லுமுன் எதிரிலிருப்பவருக்கு பிஸ்கட் கொடுப்பார்.

"எடுத்துக்கங்க மிஸ்டர் டிர்னன். முதல்லயே சொல்லிடுறேன், நாங்க உங்களைக் குத்தம் சொல்லல. கணினிதான் சொல்லுது. அதுக்கு உங்கமேல எந்தப் பகையும் கிடையாது. அதனாலதான் அது சொன்னா நாங்க நம்புறோம்."

"என்ன சொல்லுது?"

"போன வருஷம் உங்க வண்டி ஒண்ணரை லட்சத்துக்கு மேல கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு. இந்த வருஷம் ஒரு லட்சத்து மூவாயிரம்தான் ஓடியிருக்கு. நடுவுல நாப்பத்தொன்பதாயிரம் காணோம்."

மலாக்கி பிஸ்கட்டைப் பார்த்தார். "அது மைல் காட்டுற வண்டிங்க. வடக்குல வாங்கினது. கிலோமீட்டராக்க மறந்திருப்பாங்க."

"மைல்." டெவனி அந்தச் சொல்லை அகழ்வாராய்ச்சியில் கிடைத்த பானைபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க படிவத்துல அப்படி ஒரு சொல்லே இல்லீங்களே. இல்லாத ஒண்ணை நான் எப்படிப் பரிசீலிக்கிறது?"

ஃபெர்கலைக் கூப்பிட்டு விசாரித்தார். ஃபெர்கலுக்கு அந்த ஆண்டில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைகள் இருந்தன. மூன்றாவதுக்கு வேலை போய்விடும். அறைக்குள் நுழைந்து சிவப்புத்தாளைக் கண்ட கணமே நடந்தது என்னவென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. காதிலிருந்த பேனாவை எடுத்தான், மறுபடி செருகினான்.

"நீ என்னப்பா எழுதின?"

"கண்ணுல பட்டதை எழுதினேன் சார்."

"பாத்தீங்களா? கண்ணுல பட்டிருக்கு." டெவனி மகிழ்ந்தார். "மிஸ்டர் டிர்னன், இந்த நிலையம் தொறந்து பத்தொன்பது வருஷம் ஆகுது. இதுவரைக்கும் எங்க பக்கத்துல ஒரு பிழைகூடப் பதிவானதில்ல. ஏன்னு கேளுங்க."

மலாக்கி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதியுறதுக்கு இடமே விடல" என்றார் டெவனி பெருமையாக. "பிழைப் படிவத்துல 'உரிமையாளரின் பிழை'ன்னு ஒரு கட்டம்தான். அவ்வளவு சுத்தமான படிவம் ஐரோப்பாவுலயே கிடையாது."

மஞ்சள் நாடா சுற்றப்பட்டு, கார் நிலையத்தின் பின்முற்றத்தில் நிறுத்தப்பட்டது. மலாக்கி குடுவையையும் ரொட்டிப் பொதியையும் எடுத்துக்கொண்டு வாயிலுக்கு நடந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. டிம்ப்னா தம் முகத்தை மறந்த நாளிலிருந்தே அவருக்கு எதுவும் முழுதாக வருவதில்லை. எல்லாம் தடித்த கையுறை வழியாகத் தொட்டதுபோலவே இருந்தது. இரண்டேகாலுக்கு எப்படிப் போவது என்பது ஒன்றுதான் அவர் மனத்தில் நின்றது.

பேக்கி தமது இழுவை வண்டியில் அவரை அழைத்துப் போனார். நல்ல எஞ்சின், மேட்டில் முனகாமல் ஏறியது. டிம்ப்னா ஜன்னலருகே அமர்ந்திருந்தார். கதவைத் திறந்து வந்தவரை மரியாதையோடு ஏறிட்டுப் பார்த்தார்.

"வாங்க. கரண்ட் மீட்டர் பாக்க வந்தீங்களா?"

மலாக்கி குடுவையை மேசையில் வைத்தார். "ஆமாங்க" என்றார்.

"மீட்டர் படிக்கட்டுக்குக் கீழ இருக்கு. பாத்து, தலையில இடிக்கும். வீட்டுக்காரரு இப்ப வந்துடுவாரு. வந்தா உங்களுக்கும் டீ குடுப்பாரு."

அங்கே படிக்கட்டு கிடையாது. மலாக்கி தாழ்வாரம்வரை போய், மீட்டரைப் பார்க்கும் அளவு நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். தேநீரை ஊற்றிக் கொடுத்தார். ரொட்டியைக் கொடுத்தார். ஜாம் நன்றாக இருக்கிறது என்று டிம்ப்னா பாராட்டினார். தம் கணவரும் இப்படித்தான் செய்வார், ஆனால் இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தடவுவார் என்றார். நான்கரை மணிவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு லேட்டு" என்றார், மீட்டர்காரர் விடைபெற்றபோது.

மறுநாளும் மீட்டர் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாளும்.

மூன்றாம் வாரத்தில் டெவனியிடமிருந்து அழைப்பு வந்தது. இம்முறை பிஸ்கட்டில் சாக்லேட் பூசியிருந்தது.

"உங்களுக்காக ராத்திரி பகலா யோசிச்சேன் மிஸ்டர் டிர்னன். எண் கொறையுறதுக்கு ரெண்டே ரெண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு, நீங்க முகப்பைப் பிரிச்சு எண்ணைக் கொறச்சீங்க. அது குத்தம். ரெண்டாவது, நீங்க வண்டியைப் பின்னோக்கி ஓட்டியிருக்கீங்க."

"நாப்பத்தொன்பதாயிரம் கிலோமீட்டரா?"

"பின்னோக்கி ஓட்டக்கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் இல்ல. நான் தேடிப் பாத்துட்டேன். இந்த உறுதிமொழில ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா கணினியும் சமாதானமாயிடும், உங்களுக்கும் அவமானம் இல்ல."

கையெழுத்துக்குச் சாட்சியாக ஃபெர்கல் நின்றான். அவன் வாய் ஒருமுறை திறந்தது. மலாக்கி அதைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. தாம் முந்தைய ஆண்டு முழுவதும் மனைவியைப் பார்க்கப் பின்னோக்கியே காரை ஓட்டிச் சென்றதாக மலாக்கி டிர்னன் கையெழுத்திட்டார். இட்டபின் பேனாவை ஃபெர்கலிடம் நீட்டி, "மை நல்லா இருக்குப்பா" என்றார். ஃபெர்கல் சாட்சிக் கையெழுத்திட்டான்.

அவமானம் இல்லை என்று டெவனி சொன்னது சரிதான். ஆனால் சிக்கல் இருந்தது. பின்னோக்கி ஓடிய தூரத்தில் பெரும்பகுதி வடக்கு மண்ணில் ஓடியதாக எவரோ கணக்குப் பார்த்துவிட்டார்கள். இரு நாட்டுச் சோதனை முறைகளையும் ஒன்றுக்கொன்று இணக்கமாக்குவதற்கென்று ஒரு வாரியம் ஒன்பது ஆண்டுகளாக இயங்கிவந்தது. 'எல்லை கடந்த வாகனத் தகுதி இசைவு வாரியம்' என்பது அதன் பெயர். இசைவதற்கு ஒரு வாகனமும் கிடைக்காமல் அது தவித்துக்கொண்டிருந்தது. மலாக்கியின் கார் அதற்கு வரப்பிரசாதமாக வாய்த்தது.

அன்று பிற்பகல் டிம்ப்னா மீட்டர்காரரிடம் வெளியே என்ன சேதி என்று கேட்டார். மலாக்கி டிம்ப்னாவின் கோப்பையில் தேநீரை நிரப்பினார். பிறகு இப்படிச் சொன்னார்:

"ஒரு ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் ரெண்டு நாரைங்க உக்காந்திருந்துச்சாம். ஒரு சின்ன மீன் இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்குப் போகணும்னு கேட்டுச்சாம். ரெண்டு நாரையும் கூடிப் பேசி, 'உனக்கு நீந்தத் தெரியுமான்னு சோதிச்சுட்டுத்தான் விடுவோம்'னு சொல்லிச்சாம்."

"நியாயம்தானே."

"சோதிக்கிறதுக்காக மீனைத் தண்ணியிலேருந்து எடுத்துக் கரையில வெச்சாங்க. ஒண்ணு நீளம் அளந்துச்சு, இன்னொண்ணு அகலம் அளந்துச்சு. ரெண்டுக்கும் அளவு ஒத்து வரல. மறுபடி அளந்தாங்க. சாயங்காலம் மீனுக்கு நீந்தத் தெரியும்னு சான்றிதழ் எழுதியாச்சு."

டிம்ப்னா ரொட்டியை மெல்வதை நிறுத்தினார். "பாவம். அப்புறம் அந்தச் சான்றிதழை என்ன பண்ணாங்க?"

"கண்ணாடி போட்டு மாட்டிட்டாங்க."

"மீட்டர்காரங்க இப்படித்தான் பொழுதைப் போக்குறீங்களா?" என்று சொல்லி டிம்ப்னா சிரித்தார். மலாக்கியும் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான். சிரித்து முடித்ததும் டிம்ப்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்டுச் சோதனை நவம்பர் நடுவில், பயன்பாடற்றுப்போன பழைய சுங்கச்சாவடியின் தகரக் கொட்டகையில் நடந்தது. எல்லை அந்தக் கொட்டகையின் நடுவே சென்றது. அதற்கென்றே தரையில் வெள்ளைக்கோடு இழுத்திருந்தார்கள். கோட்டின் வடபுறம் ஒரு மேசை, தென்புறம் ஒரு மேசை. இரண்டிலும் ஒரே அளவு ஹாம் சாண்ட்விச். வடக்கின் பிரதிநிதியாக மெர்வின் எலியட் என்பவர் வந்திருந்தார். நிமிர்ந்த முதுகும் அளந்த சொற்களும் உடையவர், தமது சொந்த டயர் அழுத்தமானியைத் தோல் பையில் கொண்டுவந்திருந்தார். தெற்கின் பிரதிநிதி டெவனி. ஃபெர்கல் கருவிகளோடு நின்றான். பேக்கி காரை இழுத்துவந்து, முன் சக்கரங்கள் வடக்கிலும் பின் சக்கரங்கள் தெற்கிலும் நிற்குமாறு வைத்தார்.

டெவனி உரையாற்றினார். "இது சரித்திரம். ஒன்பது வருஷமா நாம இசைஞ்சு இசைஞ்சு இன்னைக்கு ஒரு வண்டிக்கு வந்திருக்கோம். சில பேர் கேக்குறாங்க, இதனால ரோடு பாதுகாப்பாயிடுமான்னு. நான் பணிவாச் சொல்றேன், பாதுகாப்பு எங்க வாரியத்துக்குக் கீழ வரல. அது வேற துறை."

கொட்டகையில் இருந்த ஆறு பேரும் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவர் புகைப்படக்காரர்.

முன் டயர்களை எலியட் தமது மானியால் அளந்தார். பின் டயர்களை டெவனி தமது மானியால் அளந்தார். ஒருவர் சொன்ன எண் மற்றவருக்குப் புரியவில்லை. ஆகவே இரண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. அடுத்து விளக்குகள். இங்கே எலியட் ஒரு நுட்பமான வினாவை எழுப்பினார்.

"உறுதிமொழிப்படி இந்த வண்டி பின்னோக்கி ஓடுற வண்டி. அப்படின்னா நீங்க பின்பக்கம்னு சொல்றது முன்பக்கம். அங்க வெள்ளை விளக்கு இருக்கணும். சிவப்பு இருக்கு."

"அதே மாதிரி உங்க பக்கத்துல சிவப்பு இருக்கணும்" என்றார் டெவனி. "வெள்ளை இருக்கு. ரெண்டு பேருக்கும் சமமான குறை."

"சமம்ங்கிறதை வரவேற்கிறேன்."

எது முன்புறம் என்று தீர்மானிக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அந்தத் துணைக்குழுவில் அவர்கள் இருவருமே இருந்ததால், அங்கேயே நின்றபடி கூடியது. ஓட்டுநரின் முகம் எந்தத் திசையை நோக்குகிறதோ அதுவே முன்புறம் என்று, இரண்டு சாண்ட்விச்களுக்குப் பிறகு முடிவாயிற்று. மலாக்கி காருக்குள் அமர்த்தப்பட்டார்.

"மிஸ்டர் டிர்னன், இப்ப உங்க முகம் எந்தப் பக்கம் இருக்கு?"

மலாக்கி கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தில் மணி இரண்டேகால்.

"டிம்ப்னா பக்கம்" என்றார்.

எலியட் சற்று யோசித்து, "வடக்கு" என்று எழுதிக்கொண்டார்.

"அடேயப்பா, ஒன்பது வருஷத்துல ஒரு திசையைக் கண்டுபுடிச்சிட்டீங்க!" என்றார் பேக்கி. அதுவும் நடவடிக்கைக் குறிப்பில் பாராட்டாகப் பதிவாயிற்று.

இனி எஞ்சினைக் கிளப்புவது ஒன்றே பாக்கி. மலாக்கி சாவியைத் திருப்பினார். தகரக் கொட்டகைக்குள் பன்றிக்குட்டி அலறியது. புகைப்படக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

"எங்க பக்கத்துல இது வெறும் குறிப்பு" என்றார் எலியட். "வண்டி தேறிடும். முடிஞ்சப்ப சரி பண்ணிக்கச் சொல்வோம்."

"எங்க பக்கத்துல இது குறை" என்றார் டெவனி. "இனங்காணப்படாத ஒலி. வண்டி தேறாது."

"எஞ்சின் எங்க பக்கம் இருக்கு."

"சத்தம் எங்க பக்கம் வருதே!"

ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாக வாரியம் முறிந்துபோகும் நிலையை எட்டியது. மலாக்கி மெல்லக் காரிலிருந்து இறங்கினார்.

"அதை மட்டும் விட்டுடுங்களேன்" என்றார். "அந்தச் சத்தம் இருக்கட்டும்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். குறை நீங்க வேண்டும் என்று கேட்கும் உரிமையாளர்களுக்கே படிவம் இருந்தது. டெவனி ஃபெர்கலிடம் கண் காட்டினார். ஃபெர்கல் ஸ்பேனரோடு குனிந்து, ஒரு திருகைத் தளர்த்தி, பெல்ட்டை இழுத்துப் பிடித்து, திருகை இறுக்கினான். பேக்கி சொன்னபடி இரண்டு நிமிட வேலைதான். கார் பூனைபோல் ஓடியது. வெள்ளைக்கோட்டின் மேல் இரு அதிகாரிகளும் கைகுலுக்கினார்கள். முன் பாதிக்கு வடக்கின் முத்திரையும் பின் பாதிக்குத் தெற்கின் முத்திரையும் பதித்த சான்றிதழ் மலாக்கியிடம் வழங்கப்பட்டது. நாற்பத்தாறு நாட்கள் ஆகியிருந்தன.

அவர் நேரே இல்லத்துக்கு ஓட்டிச் சென்றார். கார் மேட்டில் ஓசையின்றி ஏறியது.

"வாங்க" என்றார் டிம்ப்னா. "இந்த மாசம் மீட்டரை அடிக்கடி பாக்குறீங்களே."

கொட்டகையில் கருவிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த ஃபெர்கலிடம் பேக்கி கேட்டார்: "ஏன்டா, அந்த மனுஷன் எதுக்கு அதை விடச் சொன்னாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. பழகின சத்தம்னு நெனச்சேன்."

இத்தனை நாளும் இல்லத்துக்கு அழைத்துப் போனதில் தாம் அறிந்ததைப் பேக்கி சொன்னார். ஜன்னலைப் பற்றிச் சொன்னார்; மீட்டரைப் பற்றிச் சொன்னார். ஃபெர்கல் துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அவன் டெவனியின் மேசையில் ஒரு கடிதம் வைத்தான். மைலைக் கிலோமீட்டராக்க மறந்தது தான் என்றும், அது முதல் நாளே தனக்குத் தெரியும் என்றும், ஒரு நேர்மையான மனிதர் பொய்க் கையெழுத்துப் போடுவதைச் சாட்சியாக நின்று பார்த்ததாகவும் அதில் எழுதியிருந்தான். டெவனி படித்தார். மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"இது பிழையை ஒத்துக்கிற கடிதம்."

"ஆமா சார்."

"இதை வாங்கிக்க எங்ககிட்ட படிவம் இல்லப்பா." கடிதத்தை மடித்து அவனிடமே கொடுத்தார். "பிஸ்கட் எடுத்துக்க."

ஃபெர்கல் எடுக்கவில்லை. "மதியத்துக்கு மேல எனக்கு லீவு வேணும் சார்."

"காரணம்?"

"உரிமையாளரின் பிழை" என்றான். அதற்குக் கட்டம் இருந்ததால் விடுப்பு கிடைத்தது.

இரண்டரை மணி தாண்டியதும், சாலை மூன்றாம் முறை எல்லையைக் கடக்கும் இடத்தில், பச்சைக் காரை ஓர் ஆள் கை காட்டி நிறுத்தினான். மலாக்கி கண்ணாடியை இறக்கினார்.

"என்னப்பா, இன்னும் ஏதாவது சோதனை பாக்கி இருக்கா?"

"மலாக்கி, அந்த எண்ணைத் தப்பா எழுதினது நான்தான்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீ பேனாவைக் காதுலேருந்து எடுத்து, எழுதாம மறுபடி வெச்சியே, அப்ப."

"ஏன் சொல்லல?"

"நான் மைலைத்தான் சொன்னேனே. அதுக்கே கட்டம் இல்லன்னுட்டாங்க." மலாக்கி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார். "அதோட உனக்கு வேலை போயிருக்கும்."

ஃபெர்கல் சாலையோரத்தைக் காட்டினான். கோடு வெள்ளையாக இருந்தது. "இங்கேருந்து அவங்க பக்கம். அவங்க பக்கத்துல அது வெறும் குறிப்புதான். மூடியைத் தொறங்க."

மலாக்கிக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டார். எஞ்சின் மூடியின் பிடி இரண்டாம் முறை இழுத்தபோதுதான் விடுபட்டது. ஃபெர்கல் சட்டைக் கையை மடித்துக் குனிந்தான். தூறல் விழத் தொடங்கியிருந்தது. வேலியோரத்து மாடு ஒன்று தலை நிமிர்த்திப் பார்த்தது. முந்தைய நாள் தான் இறுக்கிய திருகையே அவன் தளர்த்தினான். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். இன்னும் சிறிது தளர்த்தினான்.

"கிளப்புங்க."

அலறல் மெலிந்து வந்தது.

"இல்ல, இதைவிடக் கேவலமா இருக்கும்" என்றார் மலாக்கி.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு பிழையும் பதியாத நிலையத்தின் சோதனையாளன், முறையாகத் தேறிய ஒரு வாகனத்தை, இரு நாட்டு முத்திரைகளும் ஈரம் காயுமுன், மழையில் நின்று கவனமாகக் கெடுத்தான். மூன்றாம் முறை பன்றிக்குட்டி வீலென்று அலறியது. மாடு ஓடிவிட்டது.

"அதேதான்" என்றார் மலாக்கி. "ஏறு."

இல்லத்துக்கு ஏறும் மேட்டில் அந்த ஒலி சுவரெங்கும் மோதியது. சமையலறையில் எதுவோ கீழே விழுந்தது. மலாக்கி காரை நிறுத்தி, குடுவையை எடுத்துக்கொண்டு, பையிலிருந்த ரொட்டிப் பொதியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார். ஃபெர்கல் போகவில்லை. முற்றத்தில், சற்றே திறந்திருந்த ஜன்னலுக்குக் கீழே நின்றான். உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு ஒரு பெண்மணியின் குரல் கேட்டது. யாரிடமோ சொல்வதுபோல, எரிச்சலும் பெருமையும் கலந்து:

"பன்னிக்குட்டி கத்துது பாரு. வந்துட்டாரு. இன்னைக்குக் கொஞ்சம் லேட்டு."

கதவு திறந்து மூடிக்கொண்டது.

ஃபெர்கல் கையிலிருந்த கரியைத் துடைக்கவில்லை. நான்கரை மணிக்கு அவர்கள் தெற்கே திரும்பும்போது, அங்கே அது குறை என்பதால், அதே திருகை மறுபடி இறுக்க வேண்டியிருந்தது. நாளை இரண்டரை மணிக்கு மறுபடி தளர்த்த வேண்டியிருக்கும்.